கடல் கடக்கும் மஞ்சப்பை: தோற்றமும் வளர்ச்சியும் சுங்கமும்

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வு பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. தோட்டத்துக்குப் போனவர்கள், துறைமுகத்துக்குப் போனவர்கள், மென்பொருள் எழுதப் போனவர்கள் என ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கருத்தரங்கும் ஒரு மலரும் உண்டு. அவர்கள் எடுத்துப்போன பைகளுக்குத்தான் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடிபோகும் ஒரு குடும்பம் தன் காய்கறிப் பைகளைச் சுங்கம் தாண்டிக் கொண்டுசேர்ப்பது எப்படி என்னும் ஆய்வு இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. அப்படியோர் இடைவெளி இருப்பதே இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. ஆய்வின் தேவைக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முதன்மை ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் சரக்குப் பெயரீட்டு முறை. 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது. எல்லை தாண்டும் எந்தப் பொருளுக்கும் அதில் ஓர் எண் உண்டு. மற்றொன்று, அத்தை.

முன்னோர் ஆய்வு

இல்லை. இருந்திருந்தால் அவர்களைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதியிருப்போம். அவர்களும் அடுத்த கட்டுரையில் நம்மைப் பாராட்டியிருப்பார்கள். துறை வளர்வது இப்படித்தான்.

வகைப்பாடு

தாள் பை: எண் 4819. நனைந்தால் ஆய்வு முடிந்தது.

கோணிப்பை: எண் 6305, அதாவது சரக்குப் பொதியும் சாக்கு. லண்டனுக்குப் பதில் ஆஸ்திரேலியா போகிறவர் தையலுக்குள் ஒரு நெல்மணி ஒளிந்திருக்கிறதா என்று உதறிப் பார்க்கட்டும். விதை, தானியம் என்றால் அங்கே பயண அட்டையில் அறிவித்தாக வேண்டும்.

ஒயர் கூடை: எண் 4602. பிளாஸ்டிக் இழையும் பின்னுபொருளே என்று 46ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு சொல்வதால், கோயமுத்தூர்ப் பெரியம்மா டிவி பார்த்துக்கொண்டே பின்னிய பச்சை வெள்ளைக் கூடை, மூங்கில் கூடைக்குப் பக்கத்து இருக்கையில் உலகம் சுற்றுகிறது.

மஞ்சப்பை: எண் 4202. கைப்பை, பணப்பை, முதுகுப்பை இவற்றோடு கடைக்குக் கொண்டுபோகும் பையும் அந்தத் தலைப்பில் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த தமிழ்நாடு அரசு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. பை இடையில் எங்கோ போயிருந்தது என்ற செய்தியே அத்தைக்கு அப்போதுதான் தெரியும் (அத்தை, நேர்ப்பேச்சு).

கட்டைப்பை: ஜவுளிக்கடை தருவது. இதுவும் 4202தான். ஆனால் கைப்பிடி கட்டை, உடம்பு துணி. ஆகவே இதன் சாரம் துணியிலா கட்டையிலா? பெயரீட்டு முறையின் மூன்றாம் பொதுவிதி ‘அடிப்படைத் தன்மை’யைப் பார் என்கிறது. அதிலும் தீராவிட்டால், பொருந்தும் எண்களில் கடைசியில் வருவதை எடுத்துக்கொள் என்கிறது. உண்மையில் முதல் விதியிலேயே விவகாரம் முடிந்துவிடும், மூன்றாவதுவரை போகவே தேவையில்லை. ஆனால் முதல் விதியிலேயே முடித்துக்கொண்டால் பல்கலைக்கழகங்கள் எதற்கு?

நெடும்பயன் கோட்பாடு

பாலித்தீன் பைக்கு எண் கொடுப்பதில்தான் சிக்கல். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் தாள் பை, நெடுநாள் பயன்பாட்டுக்கென்று வடிவமைக்கப்படாததாக இருந்தால், அது 4202இல் சேராது, 3923க்குப் போ என்கிறது 42ஆம் அத்தியாயத்தின் குறிப்பு. எடை இல்லை, தடிமன் இல்லை, அளவுகோல் வடிவமைத்தவரின் மனசு. இங்கிலாந்தின் பைக் கட்டணச் சட்டமாவது 70 மைக்ரான் என்று ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழிருக்கும் ஒருமுறைப் பைக்கு 2015 அக்டோபர் முதல் 5 பென்ஸ், 2021 மே முதல் 10 பென்ஸ்.

வடிவமைத்தவரின் மனசையே பார்த்துவிடுவோம். கடைகளில் கொடுக்கும் பனியன் வடிவப் பையை உருவாக்கியவர் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்தாஃப் துலின். 1965இல் அவருடைய நிறுவனத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தாள் பைக்காக மரம் வெட்டுவது குறையட்டும் என்று நினைத்தவர், தானும் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். ஆக, நெடும்பயனுக்கென்று வடிவமைக்கவில்லை என்று உலகமே எழுதிவைத்திருக்கும் பையை, வடிவமைத்தவரே நெடும்பயனில்தான் வைத்திருந்தார். அத்தையும் அந்தக் கட்சிதான். எந்தப் பையையும் கழுவி, கவிழ்த்து, கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி எடுத்துவைப்பார் (அத்தை, மேலது, கொல்லைப்புறம், குரலை உயர்த்தி).

பாலித்தீனோடு கென்யா, தான்சானியா, ருவாண்டா போகிறவர்களுக்கு இக்கோட்பாடு கைகொடுக்காது. ருவாண்டா 2008இலேயே தடைசெய்துவிட்டது. தான்சானியா 2019 ஜூன் முதல் விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் தயாரித்தாலும் விற்றாலும் பயன்படுத்தினாலும் நான்கு ஆண்டுவரை சிறை, அல்லது 40 லட்சம் ஷில்லிங்வரை அபராதம். அங்கே அத்தையை மட்டும் கூட்டிப் போகலாம், அவருடைய சேமிப்பை அல்ல.

பைக்குள் பை

தமிழ் வீட்டில் பை தனியாக இருந்ததில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் பைகள், அவற்றில் ஒன்றுக்குள் இன்னும் பைகள். கடைசிப் பையின் மூலையில் காய்ந்த வெற்றிலைக் காம்பு, கொட்டைப்பாக்கு ஒன்று, வாய் பிரிந்த குங்குமப் பொட்டலம். இந்த முழுத்தொகுதியையும் சுங்க மேசையில் வைத்தால் அதன் எண் என்ன?

ஐந்தாம் பொதுவிதியின் இரண்டாம் பிரிவைக் காண்க. பொருளோடு வரும் பொதியுறைக்குத் தனி எண் கிடையாது, பொருளின் எண்ணே உறைக்கும். ஆனால் அந்த உறை திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தக்கது என்பது தெளிவாகத் தெரிந்தால் இவ்விதி கட்டுப்படுத்தாது. இங்கே வெளிப்பை உறை, உட்பை பொருள். அந்த உட்பையே அடுத்த பைக்கு உறை. அந்த அடுத்த பையும் வெளிப்பையும் பிறப்பால் அக்காள் தங்கை, ஒரே கல்யாணத்தில் வந்தவை. எது பொருள், எது உறை?

அறிஞர் இரு பிரிவு. தொங்குவதே உறை என்பது வெளிநிலைக் கொள்கை (அத்தை, மேலது, கதவருகே, கைகாட்டி). அப்படியானால் போன பொங்கலுக்கு ஆணி பிடுங்கிக்கொண்டு எல்லாமே தரையில் கிடந்ததே, அப்போது எது உறை என்பது மறுப்பு (அத்தையின் ஓர்ப்படி, அத்தையை மறுத்து, மாடிப்படி, விளக்கணைத்த பின்). இம்மறுப்புக்கு மறுப்பு, ஓர்ப்படி பிறந்த வீட்டிலிருந்து ஒரு பைகூடக் கொண்டுவரவில்லை என்னும் வரலாற்றுச் செய்தியோடு மறுநாள் காலை வெளியானது (அத்தை, திருத்திய இரண்டாம் பதிப்பு, டிக்காஷன் இறங்குமுன்; மாமா அணிந்துரை வழங்க மறுத்து வாக்கிங் போய்விட்டார்). ஆய்வுலகில் கருத்து வேறுபாடு இவ்வளவு விரைவாகச் சொத்துத் தகராறு ஆவது அபூர்வம் என்று சொல்ல ஆசைதான். துறைக் கூட்டங்களுக்குப் போயிருப்பதால் சொல்வதற்கில்லை.

இவ்விடத்தில் பெயரீட்டு முறையின் 77ஆம் அத்தியாயத்தைச் சுட்டுவது கடமை. 97 அத்தியாயங்களில் அது ஒன்று மட்டும் காலி. பின்னால் தேவைப்படலாம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஆகட்டும், இருக்கட்டும் என்று எடுத்துவைக்கும் குணம் பிரஸ்ஸல்ஸிலும் உண்டு என்பது நிறுவப்பட்டது.

உரிமையும் துய்ப்பும்

பிரிட்டனுக்குக் குடிபோகிறவர் வீட்டுச் சாமானுக்குத் தீர்வை விலக்குக் கேட்கலாம். பொருட்களைப் பட்டியலிட்டு வரித்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனை: குறைந்தது ஆறு மாதமாவது அப்பொருள் உங்களிடம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் 12 மாதத்துக்குத் துறையிடம் சொல்லாமல் இரவல் கொடுக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, கைமாற்றக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஆதாரம்? சோபாவுக்கு ரசீது வேண்டும். மஞ்சப்பை தன் ரசீதைத் தானே சுமக்கிறது. மேலே பிள்ளையார், நடுவே மணமக்கள் பெயர், கீழே மண்டபமும் முகூர்த்தத் தேதியும். வைகாசிக் கல்யாணப் பை மார்கழிக்குள் தகுதி பெற்றுவிடும். ஒரே இடர், பையில் அச்சாகியிருப்பது விண்ணப்பதாரரின் பெயர் அல்ல. அதிகாரி கேட்டால் தாம்பூலம் என்னும் நிறுவனத்தை ஆதிமுதல் விளக்க நேரும். பின்னால் நிற்கும் வரிசை பொறுக்காது.

இரவல் நிபந்தனைதான் கடுமை. லண்டன் குரோய்டனில் பக்கத்து வீட்டுக்கு வடகறி கொடுத்தனுப்பினால் டப்பா எதில் போகும்? விலக்குப் பெற்ற பையில் போகும். அது இரவலா, கைமாற்றமா? டப்பா திரும்பி வந்தால் இரவல். பை மட்டும் அங்கேயே நின்றுவிட்டால் கைமாற்றம். டப்பா வேறொரு பையில், உள்ளே நாலு ஆப்பிளோடு திரும்பி வந்தால் பண்டமாற்று (அத்தை, தொலைபேசி வழி, சிக்னல் போனதால் பிற்சேர்க்கை கிடைக்கவில்லை). ஆகவே முதல் ஆண்டு முழுதும் வடகறியைக் கையில் ஏந்திச் செல்க.

எண்கள்

2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் போட்டது. ஒருமுறைப் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்தில் பருத்திப் பை மேல் என்று ஆக, அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் பையெல்லாம் குப்பைக்கூடை உறையாக மறுபடி உதவுவதாகக் கொண்டால் 327 முறை. 2018இல் டென்மார்க் மற்ற எல்லாக் கேடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, சாதாரணப் பருத்திக்கு 7,100 என்றும், இயற்கை வேளாண் பருத்திக்கு 20,000 என்றும் சொன்னது.

ஆறு மாதம் நாள்தோறும் கடைக்குப் போனால் சுமார் 180 முறை. சுங்கமும் சம்மதிக்கும், 131உம் தாண்டிவிடும். டென்மார்க்கின் 20,000ஐத் திருப்திப்படுத்த ஏறத்தாழ 55 ஆண்டு, லீவு போடாமல். அத்தையின் ஆணியில் அந்த வயசுப் பை இருக்கிறது. டென்மார்க்கில்தான் இருக்குமா தெரியாது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் துணியப்படுவது: விண்ணப்பப் பட்டியலில் ‘பயன்படுத்திய துணிப்பைகள், ஒரு கட்டு’ என்று எழுதினால் போதும். நான்கே சொற்கள். முதல் பத்தியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இதை ஆய்வு என்று யாரும் ஒப்பமாட்டார்கள், பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் போடமாட்டார்கள்.