மூன்று மணி நேரம் எங்கே தொடங்குகிறது? கோரிப்பாளையத்தை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளை கிராமத்துக்குப் போய் 3 மணி நேரம் சேவை செய்துவிட்டு வந்தது என்கிறோம். அந்த 3 மணி நேரம் எந்த இடத்தில் தொடங்கியது? இதயத்துக்கு நான்கு அறை என்று எண்ணிச் சொன்ன மருத்துவ உலகம் இந்தக் கேள்வியில் மட்டும் கைவைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க வந்தது இவ்வாய்வு. களம், கோரிப்பாளையம் வட்டாரம். 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. ஏட்டில் அரசு இராசாசி மருத்துவமனை என்றும் ஷேர் ஆட்டோவில் ‘பெரியாஸ்பத்திரி’ என்றும் வழங்குவதும் இங்கேதான்.

முதலில் மூலபாடம். தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச் 31-ல் விட்ட சுற்றறிக்கையில் ‘குடும்பத் தத்தெடுப்பு’ வந்தது. முதலாண்டிலேயே மாணவர் கிராமக் குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிப்புக் காலத்தில் அவர்கள் உடல்நலத்தைக் கவனித்து வர வேண்டும். அதே சுற்றறிக்கையில்தான் சரகர் பெயரிலான உறுதிமொழியும் இருந்தது. ஏப்ரல் 30-ல் மதுரை முதலாண்டு மாணவர்கள் அதைச் சொல்லி வெள்ளைக் கோட்டு மாட்ட, டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்ச் சில நாளில் திரும்பி வந்தார். உறுதிமொழி ஐந்து நிமிடத்தில் முடிகிற சமாசாரம். அதற்குத் தமிழ்நாடே பேசியது. வருடக்கணக்கில் ஓடப்போகும் தத்தெடுப்பு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது.

கணக்கு இதுதான். முதல் கட்டத்தில் 9 முறை, 27 மணி. இரண்டாவதில் 10 முறை, 30 மணி. மூன்றாவதில் 7 முறை, 21 மணி. ஆக 26 பயணம், 78 மணி நேரம். மாணவருக்குக் குறைந்தது 3 குடும்பம், முடிந்தால் 5. மதுரையில் ஆண்டுக்கு 250 இடம் என்பதால் ஒரு வகுப்பின் மொத்தச் சேவை 19,500 மணி நேரம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் இரண்டேகால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

டாக்டரை ஊருக்குள் அனுப்பும் ஆசை பழையது. 1946-லேயே போர் குழு, மாணவருக்கு நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் 3 மாதப் பயிற்சி வேண்டும் என்றது. (போர் என்பது தலைவர் ஜோசப் போரின் பெயர், யாரும் சண்டை போடவில்லை.) மணிக்கணக்கு வைக்கும் வழக்கத்துக்கு நாட்டு நலப்பணித் திட்டம் மூத்தது. காந்தி நூற்றாண்டான 1969-ல் பிறந்தது. 2 ஆண்டில் 240 மணி நேரம் கேட்கும். கல்லூரி வளாகத்தில் பார்த்தீனியம் பிடுங்கியே 240-ஐயும் நிரப்பிய அண்ணன்மார் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்.

இனி மையக் கேள்வி. இதில் மூன்று கட்சிகள். ‘கேட்டுக் கட்சி’ சொல்வது: கல்லூரி கேட்டை பஸ் தாண்டியதுமே சேவை தொடங்கிவிட்டது. 2023 அக்டோபரில் மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு தேவர் சிலைச் சந்திப்பை ஒருமுறை கடந்தவர்கள், அதுவே சமூகத்தோடு ஒன்றுவதுதான் என்று இவர்கள் பக்கம் சாய்கிறார்கள். ‘திண்ணைக் கட்சி’க்கு வீட்டுப் படியேறிச் செருப்பைக் கழற்றும் கணமே தொடக்கம். ‘கையெழுத்துக் கட்சி’ இரண்டையும் மறுக்கும். பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்து விழும்வரை நேரம் என்று ஒன்றே கிடையாது. விழுந்துவிட்டால் போகாத ஊருக்கும் போனதாகும். தத்துவ வலு மூன்றாவதற்கே அதிகம். ஆய்வாளர் மனசு மட்டும் திண்ணையில்.

பதிவேட்டை நம்பாதவர் மையை நம்பலாம். வைகாசியில் ஒரு பயணம், ஆவணியில் ஒன்று, தையில் ஒன்று. மூன்று பக்கத்திலும் ஒரே நீல ஜெல் பேனா, ஒரே சாய்வு, ஒரே இடத்தில் கசிந்த மை. பாட்டியின் ரத்த அழுத்தம் மூன்று முறையும் 130/80. அந்த வயதில் அப்படியோர் உறுதி அபூர்வம். தனிக் கட்டுரை எழுதலாம். எந்தக் கல்லூரிப் பதிவேடு என்று கேட்பது ஆய்வு நெறியாகாது.

இதற்கு மருந்தாகத்தான் ஜிபிஎஸ் மேப் கேமரா வந்தது. தேதி, நேரம், அட்சரேகை அச்சாகி விழும் படம். பாட்டி கையில் பட்டை சுற்றியிருக்கும். மாணவர் காற்றடிக்கும் பந்தைப் பிடித்தபடி கேமராவைப் பார்ப்பார். ஏறிய பாதரசத்தை யாரும் பார்க்கவில்லை என்பது படத்திலேயே தெரியும்.

பாட்டிக்கு இந்தப் படம் புதிதல்ல. நூறு நாள் வேலையில் தளத்துக்கு வந்த ஆட்களைத் தினம் இரண்டு முறை செயலியில் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. கண்மாய்க் கரையில் நின்று வருகையை நிரூபித்தவர், பிள்ளைகள் வரும் நாளில் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் வருகையை நிரூபித்துத் தருகிறார். முதல் படத்துக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்காக அன்றைய வேலைக்கே போகாமல் இருந்திருப்பார். “என்னய்யா, போன தடவ வந்த பிள்ள வரலையா? மாத்திர தாரேன்னுச்சே?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஆக, அந்த 78 மணி நேரமும் இரண்டு பக்கத்தில் செலவாகிறது, ஒரு பக்கத்தில்தான் வரவு வைக்கப்படுகிறது. தத்தெடுத்தவர் கணக்கு ஸ்பைரல் பைண்டிங்கோடு துறை அலமாரியில் இருக்கிறது. தத்துப் போனவர் கணக்கு எங்கே? ஆய்வாளரின் ஊகம், அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். சிலிண்டர் வந்த தேதியும் சீட்டுக் கட்டிய தேதியும் அதில்தான் ஏறும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுவது வழக்கம். பிள்ளைகள் வராத நாளுக்கு என்ன குறி என்பதை அடுத்த ஆய்வாளர் போய்ப் பார்க்கட்டும். காலையில் போக வேண்டாம். பாட்டி கண்மாயில் இருப்பார்.