தலையாட்டி

திருவாரூரில் பிறந்ததைத் தவிர நான் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

வங்கி வேலைக்காகச் சென்னைக்கு வந்த நாள் முதல் இதே கதைதான். ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மலரும். "அடடா, மும்மூர்த்திகள் பிறந்த ஊராச்சே! சங்கீதம் ரத்தத்துலேயே ஊறியிருக்குமே!" சியாமா சாஸ்திரிகள் 1762, தியாகராஜர் 1767, அடுத்த பத்து வருஷத்துக்குள் முத்துசுவாமி தீட்சிதர். பதினைந்து வருஷம்கூட ஆவதற்குள் மூன்று பேரையும் பெற்றுக் கொடுத்துவிட்டு ஊர் களைத்துப் போயிருக்க வேண்டும். அதற்கு நானே அத்தாட்சி. என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரை. அதற்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஆனால் மலர்ந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மனம் வராது. அதனால் தலையை ஆட்டுவேன். இல்லை என்றும் இல்லாமல் ஆமாம் என்றும் இல்லாமல், தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஓர் ஆட்டு. ஒன்றுபட்ட தஞ்சை ஜில்லாக்காரனுக்கு அது பிறப்புரிமை. பொம்மைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தவர்கள் என்னையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் மேனேஜர் பெரிய ரசிகர். டிசம்பர் வந்தால் சபா டிக்கெட்டோடு என் மேஜைக்கு வருவார். "திருவாரூர்க்காரர் இல்லாம கச்சேரியா?" நான் போவது கேன்டீன் அடைக்காகவும் அவியலுக்காகவும் என்பது அவருக்குத் தெரியாது. அரங்கில் எனக்கு மூன்று வகை ஆட்டு உண்டு. மெதுவாக, பக்கவாட்டில் ஆட்டினால் ராகம் புரிகிறது என்று பொருள். கண்ணை மூடி 'ச்சு' கொட்டினால் உருகுகிறேன். திடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினால் கணக்கு சரியாக வந்து விழுந்தது. கணக்கு எப்போது விழுகிறது என்பதை முன்வரிசைக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஒருநாள் முன்வரிசை காலி. மிருதங்க வித்வான் கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல விறுவிறுப்பு. "பலே!" என்றேன். அவர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்காளதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டமே கைதட்டியது. சேர்த்ததையே இவ்வளவு ரசிக்கிறீர்கள், வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்றாராம் ரவிசங்கர். ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் சேர்ந்து செய்ததை நான் தனியாளாகச் செய்திருக்கிறேன். மேனேஜர் அதற்கப்புறம் எனக்கு டிக்கெட் கொண்டுவரவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு கல்லூரி இணையவழியில் ஆறு மாத 'இசை ரசனை' சான்றிதழ்ப் படிப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். பாட வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். கேட்பது ஒரு பாடமா என்று தோன்றியது. முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகள் சொன்னதைக் கேட்டவன். மனைவி சொன்னதையும் சேர்த்தால் எனக்கு முனைவர் பட்டமே தரலாம்.

சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வகுப்பு. திரையில் இருபத்து மூன்று கட்டங்கள். பாதிக்கு மேல் கிரெடிட்டுக்காக வந்த பொறியியல் பிள்ளைகள். அவர்களின் கட்டத்தில் முகம் இருக்காது, பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆசிரியைக்கு என் மகள் வயது. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று என் பேரனுக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன். தம்புராவை மடியில் வைத்து, "இதுதான் ஆதாரம். பஞ்சமம், மேல் சட்ஜம் ரெண்டு, கீழ் சட்ஜம், நாலு தந்தி. ஒரு நிமிஷம் சும்மா கேளுங்க" என்று மீட்ட ஆரம்பித்தார். விரல் அசைகிறது, கண் மூடியிருக்கிறது. நான் என் இரண்டாம் வகை ஆட்டை எடுத்துவிட்டேன். கண் திறந்து, "எப்படி இருந்தது சார்?" என்றார். "தெய்வீகம் மேடம்" என்றேன். அப்போது ஒரு முதலெழுத்து வாயைத் திறந்தது. "மேம், சவுண்டே வரல."

நிஜமாகவே வரவில்லை. இந்த வீடியோ செயலிகளுக்குள் இரைச்சலை அடக்கும் ஒரு புத்தி இருக்கிறது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும் ஒலியை அது மின்விசிறி, ஏசி என்று முடிவு கட்டி வடிகட்டிவிடும். மனிதர் பேசினால் மட்டும் விடும். நூற்றாண்டுகளாகக் கர்நாடக சங்கீதத்தைத் தாங்கி நிற்கும் நாதத்தை அது கேட்டுப் பார்த்து, ஃபேன் என்று தீர்ப்பளித்திருந்தது. அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருந்த, ஒலியை உள்ளபடியே விடச் சொல்லும் பொத்தானை அந்தப் பையன்தான் தேடிக் கொடுத்தான். தம்புரா வந்தது. தெய்வீகமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

தாளம் இதைவிடப் பெரிய கூத்து. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணுதல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எல்லோரும் என்னோடு போடுங்கள் என்றார். அவர் தட்டும் ஓசை இணையத்தில் நடந்து எங்களிடம் வரவேண்டும், அதைக் கேட்டு நாங்கள் தட்டுவது திரும்ப நடந்து அவரிடம் போகவேண்டும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒவ்வொரு தாமதம். அவர் காதில் விழுந்தது தகரக் கொட்டகைமேல் பெய்யும் மழை. ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு எல்லோரின் மைக்கையும் அணைத்தார். "உங்க தாளம் உங்களோட. நான் நம்பறேன்." அந்த நம்பிக்கையில் ஆறு மாதம் தொடையில் தட்டினேன். கொசுபத்தி ஏற்றட்டுமா என்று மாலா கேட்டாள்.

மாலா என் மனைவி. அவளிடம்தான் இந்தப் படிப்பு அதிக சேதத்தை உண்டாக்கியது.

எல்லாம் மேளகர்த்தாவில் ஆரம்பித்தது. எழுபத்திரண்டு தாய் ராகங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி கணக்குப் போட்டு வைத்தது. முதல் முப்பத்தாறில் சுத்த மத்திமம், அடுத்த முப்பத்தாறில் பிரதி மத்திமம். அதனால் இருபத்தொன்பதாவது சங்கராபரணத்துக்கும் அறுபத்தைந்தாவது கல்யாணிக்கும் ஒரே ஒரு 'ம'தான் வித்தியாசம். வங்கிக்காரனுக்கு இது புரியும், லெட்ஜரில் வலது பக்கம் இடது பக்கம் மாதிரி. சிக்கல் ராகத்தின் பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி சூத்திரத்தில். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். பெயரின் முதல் இரண்டு எழுத்தை எடு, திருப்பிப் போடு. மாயாமாளவகௌளை: மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் 15. சுலபம். அடுத்தது தீரசங்கராபரணம். வடமொழியில் நான்கு 'த' இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. என் நோட்டில் இருப்பதோ ஒரே ஒரு தமிழ்த் 'தீ'. அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 26 சாருகேசி, 27 சரசாங்கி, 28 அரிகாம்போஜி, 29 சங்கராபரணம் என்று நான்கு ராகத்துக்கும் நியாயமாகப் போய்ச் சேரலாம். சேர்ந்தேன். முதல் மூன்றையும் ஆசிரியை ஏற்றுக்கொள்ளவில்லை.

சூத்திரம் கைவந்ததும் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். மாலா: மா ஐந்து, லா மூன்று, திருப்பினால் 35. முப்பத்தைந்தாவது மேளம் சூலினி. சூலம் ஏந்தியவள். சொல்லக் கூடாது என்று தெரிந்தும் சொன்னேன். அன்று ராத்திரி உப்புமா.

ஆனால் மறுநாள் ஒன்று சொன்னாள். "எனக்கு இதெல்லாம் மனப்பாடம். வர்ணம் வரைக்கும் கத்துண்டேன். பொண்ணு பார்க்க வந்தப்ப பாடினேனே."

பாடினாள். 1988. அவர்கள் வீட்டுக் கூடம், ஜமக்காளம், சொஜ்ஜி, பஜ்ஜி. நான் மூன்று வகையையும் மாற்றி மாற்றி ஆட்டியது நினைவிருக்கிறது. என்ன ராகம் என்று இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"அது கிடக்கட்டும். சரணம் பாதியில மறந்துபோய் முதல்ல பாடினதையே திரும்பப் பாடினேன். அதுக்கும் கண்ணை மூடிண்டு ஆட்டினீங்க. பெரிய ரசிகர், பெருந்தன்மையா விட்டுக்கொடுக்கிறார்னு நெனச்சேன். அதனாலதான் சரின்னு சொன்னேன்."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய குடும்பம் ஒரு மோசடி ஆவணத்தின்மேல் நிற்கிறது என்று தெரிந்தால் வங்கிக்காரனுக்கு எப்படி இருக்கும்?

வரலாற்று வகுப்புகள் சுமார். ஆனால் தமிழில் ஏழு சுரங்களுக்கும் சொந்தப் பெயர் உண்டு என்று தெரிந்தது அங்கேதான்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். தஞ்சாவூர் வைத்தியர் ஆபிரகாம் பண்டிதர் இதையெல்லாம் ஆராய்ந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஒரு பெரும் நூலே எழுதியிருக்கிறார். கைக்கிளை என்றால் இலக்கணத்தில் ஒருதலைக் காதல். எனக்கும் சங்கீதத்துக்கும் இருந்த உறவுக்கு இவ்வளவு பொருத்தமான பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. தனி ஆவர்த்தனம் பற்றிய வகுப்பு நினைவில் இல்லை. காபி போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பல கேமராக்கள் அணைந்திருந்தன. சபா பழக்கம்.

ஒரே ஒரு வகுப்பைத்தான் மறக்க முடியவில்லை. அன்று முழுக்க தோடி. எட்டாவது மேளம். "காகிதத்துல 'க'ன்னுதான் எழுதுவோம். ஆனா தோடியில அந்தக் காந்தாரம் ஒரு இடத்துல நிக்காது, அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நின்னா அது தோடி இல்லை" என்று பாடிக் காட்டினார். அடடா, இங்கே சுரமே தலையாட்டுகிறது. பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டார். கரகரவென்ற பதிவு. திருவாரூரில் சின்ன வயதில் சாயங்காலம் கோயில் பக்கம் விளையாடும்போது இந்த மாதிரி ஏதோ ஒன்று எப்போதும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது எங்களுக்கு அது வீட்டுக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது என்று சொல்லும் சத்தம், அவ்வளவுதான்.

பிறகு தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமரா வழியாக ஒரு கண்காணிப்பு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தேகப்படும்படி நடந்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். இருபது ஒலித்துண்டுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் ஒலிக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும்.

நாலாவது கேள்வியில் ஒரு வயலின். தெரிந்த ராகம், பெயர் தொண்டையில் நிற்கிறது. எனக்கு ஒரு ராகம் பிடிபட வேண்டுமானால் முதலில் அதில் ஒரு சினிமாப் பாட்டு வரவேண்டும். மெல்ல முனகினேன். திரை சிவந்தது: 'பேச்சொலி கண்டறியப்பட்டது. எச்சரிக்கை 1.' ஒன்பதாவதில் யோசனையாக விட்டத்தைப் பார்த்தேன், கூடவே லேசாக ஒரு பக்கவாட்டு ஆட்டு. 'இயல்புக்கு மாறான தலை அசைவு. எச்சரிக்கை 2.' வாழ்நாள் முழுக்க என்னைக் காப்பாற்றிய தலையாட்டலை ஒரு கம்ப்யூட்டர் முறைகேடு என்று கண்டுபிடித்துவிட்டது. மேனேஜரால் முடியவில்லை, மாலாவால் முடியவில்லை.

அதற்கப்புறம் கற்சிலை. கழுத்து அசையவில்லை, உதடு அசையவில்லை, தொடையில் தாளமும் இல்லை. பதினாலாவது கேள்வியைத் திறந்தேன். நாதஸ்வரம்.

இரண்டு நிமிஷம் வாசித்தார்கள். அந்த இரண்டு நிமிஷமும் செய்வதற்கு எனக்கு வேறு எதுவும் இல்லை. யாரைப் பார்த்தும் ஆட்ட வேண்டியதில்லை, எந்தப் பாட்டையும் தேட முடியாது. குரல் மாதிரி ஏறியது, ஓர் இடத்தில் நின்று அசைந்தது, போகாமல் அங்கேயே சுற்றியது. கமலாலயக் குளக்கரையில் யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். கீழே நான்கு விடைகள் இருந்தன. ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கேமராவுக்கு எட்டாத இடத்தில், சமையலறை வாசலில், மாலா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ஐந்து விரல், இன்னொரு கையில் மூன்று.

அதற்குள் திரை பதினைந்தாவது கேள்விக்குப் போய்விட்டது. அவள் இன்னும் எட்டு விரலைக் கீழே இறக்கவில்லை. புரிந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் தலையாட்டவில்லை. இன்னும் ஓர் எச்சரிக்கைதான் பாக்கி இருந்தது.