இரண்டு பேட்டரியும் ஒரு பாட்டுப்பெட்டியும்

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஒரு விசைப்படகு மக்கர் செய்தால், படகில் கால் வைக்காமலேயே நோயைச் சொல்லிவிடுவார்கள். எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: "பேட்டரி வீக்." செல்ஃப் மோட்டார் டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றால் பேட்டரி வீக். ஜிபிஎஸ் தானாக அணைந்து தானாக எரிந்தாலும் அதேதான். வாயில்லாத பொருள், எதிர்த்துப் பேசாது.

தடைக்காலம் முடிந்த புதிதில் இந்தப் பழியில் நியாயம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கும். அதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள். பேட்டரியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சும்மா இருந்தாலும் பேட்டரி தானே இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் உள்ளே ஈயத்தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். ஆனால் எங்கள் மாமாவின் படகில் தகராறு தொடங்கியது ஆகஸ்டில், தினமும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.

லாரி ரகத்து டீசல் எஞ்சின் அது. 24 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஒரு வம்பு என்னவென்றால், ஒருமுறை பிடித்துக்கொண்டால் அப்புறம் பேட்டரியை அது எதிர்பார்ப்பதில்லை. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். சார்ஜ் ஏறவில்லை என்ற விஷயமே தெரியாமல் கம்பீரமாக ஓடும். "அதான் ஓடுதுல்ல?" என்பார் டிரைவர். ஓடும்தான். ராத்திரி நடுக்கடலில் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்திய பிறகு, கம்பத்து உச்சியில் எரிய வேண்டிய வெள்ளை விளக்கு பீடி நுனிபோலச் சிவந்து கிடக்கும்.

"மாப்ள, நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்தானே, வந்து பாரு" என்றார் மாமா. நான் வேலை பார்ப்பது வங்கியில். ஆனால் மாமாவுக்குப் பட்டம் பட்டம்தான்.

நான் போவதற்குள் எர்த் பக்கம் இருந்த பேட்டரியை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். புதியது வந்த சில வாரத்தில் அதுவும் படுத்துவிடும். பக்கத்தில் இருந்த அண்ணன் பேட்டரியோ நன்றாக வேலை செய்வதாகப் பெயர் வாங்கியிருந்தது. அதற்கு ஆதாரம், அது லிட்டர் கணக்கில் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிறதாம். "நல்லா உழைக்கிறது நல்லா குடிக்கும் தம்பி" என்றார் டிரைவர், அதன் பக்கத்திலேயே பீடியைப் பற்ற வைக்கப் போனபடி. ஓவர் சார்ஜில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும், அந்த இடத்தில் தீக்குச்சி கிழித்தால் நாம் எல்லோருமே கடலுக்குள் இருப்போம் என்று சொல்லி வெளியே அனுப்பினேன்.

முதலில் சாவியைத் திருப்பினேன். சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்ல சகுனம். பலருக்கு அது எரியாவிட்டால்தான் நிம்மதி. உண்மையில் பல டைனமோக்களுக்கு எழுந்து வேலை செய்ய முதல் மின்சாரமே அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் டைனமோவும் தூங்கிவிடும். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன், தொய்வில்லை. டெர்மினலில் பூத்திருந்த பச்சையை உப்புத்தாளால் தேய்த்தேன். எஞ்சினை ஓட்டி, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மீட்டர் வைத்தேன். 28.2 வோல்ட். அச்சாக இருக்க வேண்டிய அளவு.

"டைனமோ நல்லா இருக்கு" என்றேன். சுற்றி நின்றவர்கள் முகம் விழுந்துவிட்டது. அதைக் கழற்ற ஸ்பேனரோடு ஒருவர் தயாராக இருந்தார், பாவம்.

இரண்டையும் தனித்தனியாக அளந்தபோதுதான் கள்ளம் வெளியானது. அண்ணன் பேட்டரியில் 15.3, தம்பி பேட்டரியில் 12.9. கூட்டினால் சரியாகத்தான் வருகிறது, பங்குதான் சரியில்லை. டைனமோவுக்கு மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஒன்று கொதித்துக்கொண்டிருக்க, மற்றது பட்டினி கிடந்தது. அதன் தலையில் மட்டும் கூடுதலாக ஒரு வயர் தொங்கியது.

வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். கேபின் கூரையைச் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் நுழைந்து, ஒரு கார் ஸ்டீரியோவில் போய் முடிந்தது. கூடவே கொத்தாகச் செல்போன் சார்ஜர்கள். எல்லாம் 12 வோல்ட் சாமான். 24இல் கொடுத்தால் புகைந்துவிடும் என்று எவரோ விவரமாக ஒரே பேட்டரியிலிருந்து இழுத்திருக்கிறார். யார் என்று கேட்டேன். படகில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வலையைச் சரிபார்க்கப் போய்விட்டார்கள்.

"பாட்டு இல்லாம எப்படித் தம்பி ராத்திரி கண் முழிக்கிறது?" என்றார் டிரைவர் கடைசியில். நியாயமான கேள்வி. காவல் இருப்பவன் தூங்கிவிட்டால் நன்றாக எரியும் விளக்காலும் பிரயோசனம் இல்லை.

24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு பேட்டரியிலும் சமமாக இழுக்கும்படி இணைத்தோம். இரண்டு பேட்டரிகளை வாங்கியபோது வாய் திறக்காத மாமா, இந்தச் சின்ன டப்பாவுக்கு இவ்வளவா என்று கடையில் தகராறு செய்தார்.

பேட்டரி இப்போது திடமாக இருக்கிறது. கன்வர்ட்டரால் ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் உண்டு: பாட்டு ஓடும்போது வயர்லெஸ்ஸில் இரைச்சல் கேட்கிறது. யாராவது கூப்பிட்டால் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மற்றப் படகுக்காரர்கள் கூப்பிட்டால் தெளிவாகக் கேட்கிறதாம். மாமா கரையிலிருந்து கூப்பிடும்போது மட்டும் இரைச்சல் தாங்கவில்லை என்கிறார் டிரைவர்.