மில்லி உரைத்த நூல்: ஆசிரியர் யார் என்னும் ஆராய்ச்சி

குடியரசுத் தலைவர்களின் குடும்ப வாழ்க்கையையும் அவர்கள் வீட்டு நாய் பூனைகளையும் பற்றி நூல்கள் பல உள. அவற்றை முறைப்படி ஆராய்ந்தார்தாம் இலர். இக்குறையைத் தீர்க்கத் திருவனந்தபுரத்து வலியசாலையை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்கிறது அவன் மெய்க்கீர்த்தி. அந்தச் சாலை எங்கள் வலியசாலைதான் என்பார் ஒரு சாரார். இல்லை, விழிஞ்சத்துப் பக்கம் என்பார் மறு சாரார். கலம் என்றால் கப்பல் என்பாரும் உளர். சாப்பிடும் தட்டு என்பாரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே தனி நூல் எழுதினார். ஆயிரம் வருஷத்துக்கு முன் உடைந்தது கப்பலா தட்டா என்பதே இன்னும் தீராத தெருவில் உட்கார்ந்துகொண்டு, நாய் ஒன்று புத்தகம் எழுதியதா இல்லையா என்று ஆராய்வது தவறாகாது. (தெருக்கோடி மாமா, திண்ணைப் பேச்சு.)

இவ்வகை நூல்கள் ஐந்து: தலைவர் எழுதியவை, மனைவி எழுதியவை, மகன் எழுதியவை, வேலை பார்த்தவர் எழுதியவை, நாய் எழுதியவை.

தலைவர் எழுதியதற்குத் தியோடோர் ரூஸ்வெல்ட் தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் சான்று. 1919இல் நூலாயின. அந்த வீட்டில் பாம்புக்குக்கூடப் பெயர் இருந்தது, எமிலி ஸ்பினாச் என்று. ஆர்ச்சி என்ற பிள்ளை நோயில் கிடந்தபோது, தம்பி குவென்டின் அல்கான்குவின் என்னும் மட்டக்குதிரையை வெள்ளை மாளிகை லிப்டில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். லிப்டுக்குள் குதிரை எந்தத் திசை நோக்கி நின்றது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்பதே காரணம். ஒரு முனைவர் பட்டத்துக்கு இடம் காலியாக இருக்கிறது.

மகன் எழுதியதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சர்வபள்ளி கோபால் 1989இல் வெளியிட்ட ராதாகிருஷ்ணன் வரலாறு, தகப்பனாரின் சொந்த வாழ்க்கைச் சறுக்கல்களையும் மறைக்காமல் சொல்லிவிட்டது. நாயைத் தேடிப் போகிறவர்களுக்கான நூல் அல்ல அது.

இனி விலங்கு வாரியாகச் சில. பூனை: ஜனாதிபதி கிளின்டன் வீட்டு ஸாக்ஸுக்கும் அங்கிருந்த நாய்க்கும் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை மனைவி ஹிலாரி 1998இல் புத்தகமாக்கினார், பூனை எதற்கும் பொறுப்பேற்கவில்லை.

ரக்கூன்: 1926இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கு நன்றித் திருநாள் விருந்துக்குக் கறியாக வந்தது. அவர் அடுப்பேற்றாமல் ரெபெக்கா என்று பெயரிட்டுக் கழுத்துப்பட்டை கட்டி வளர்த்தார். இதற்காக எங்கள் அக்ரஹாரம் அவருக்கு எப்போதோ பாராட்டுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும்.

இனி மில்லி. 1990இல் அமெரிக்காவில் ஒரு நூல் வந்தது. ஜனாதிபதி மூத்த புஷ்ஷின் வீட்டு ஸ்பானியல் நாயான மில்லி சொல்லச் சொல்ல பார்பரா புஷ் எழுதிக்கொண்டது என்று அட்டையிலேயே கண்டிருக்கிறது. விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒன்பது லட்சம் டாலருக்குப் பக்கமாக ஈட்டி, எழுத்தறிவு வளர்க்கும் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. மனிதர்கள் எழுதப் படிக்க நாய் எழுதியது என்க.

ஆசிரியர் யார்? பார்பராவே எழுதி நாய் பேரில் போட்டார் என்பது மேற்போக்காகப் பார்ப்போர் கொள்கை. அது பொருந்தாது. வியாசர் சொல்லக் கணபதி எழுதிய பாரதத்தைக் கணபதி பாரதம் என்று எவரும் வழங்குவதில்லை. எழுதியவர் வேறு, இயற்றியவர் வேறு. மேலும் இந்த அம்மையார் 1984இலேயே, கணவர் துணை ஜனாதிபதியாக இருந்தபோது, சி. ஃப்ரெட் என்ற முந்தைய நாயின் வரலாற்றை வெளியிட்டவர். அதில் தம்மை இலேசாகத் திருத்திய பதிப்பாசிரியர் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். முதல் நாயிடம் பதிப்பாசிரியர், இரண்டாம் நாயிடம் வெறும் எழுத்தர். ஆறே ஆண்டில் இத்தனை இறக்கம்! நாம் கண்ட வழக்கமோ நேர் எதிர். மாணவன் ராத்தூக்கம் கெட்டு எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் முன்னால் வந்து உட்காரும். நாய் சொன்ன நூலில் நாயின் பெயரை முன்னால் போட்ட பார்பராவை எந்தப் பல்கலைக்கழகமும் பேராசிரியராக நியமித்திராது. (தெருக்கோடி மாமா, திண்ணைப் பேச்சு, இரண்டாம் பாகம், காபிக்குப் பின்: "நாய் சொல்லித்து, அவ எழுதினா. இதிலே ஆராய என்ன இருக்கு?" இதை மறுத்து, எதிர்வீட்டு மாமி, ஜன்னல் வழி வாய்மொழி, திருத்திய பதிப்பு: "உங்களாத்திலே நான் சொன்னா யார் எழுதறா?")

பாடபேதச் சிக்கல் இதனினும் பெரிது. மில்லி குரைப்பில் சொன்னதா, வாலாட்டலில் சொன்னதா? குரைப்பு எனின் ஓசை குறில் நெடில் பகுப்புக்கு அடங்க வேண்டும். வாலாட்டல் எனின் அது மெய்ப்பாட்டியலில் போய்ச் சேரும். நடுவே நாய் கொட்டாவி விட்ட இடங்களைப் பத்தி முடிவாகக் கொள்வதா, இடைச்செருகலாகக் கொள்வதா? மூலப்படி கிடைக்காத நிலையில், உரையாசிரியர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: தெளிவான இடத்துக்கு நீண்ட உரையும், விளங்காத இடத்துக்கு "வெளிப்படை" என்றும் எழுதிக் கடந்துவிடலாம்.

மில்லி 1989 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் ஆறு குருளைகளை ஈன்றாள். குட்டிகள் என்று எழுதிய செய்தியாளர்களைப் பிழை பிடிக்க விரும்புவோர் தொல்காப்பிய மரபியலைக் காட்டுவர். நாய்க்குக் குருளை என்றே விதி. ஆனால் ஓரிரு நூற்பா தள்ளி, குட்டி என்றாலும் தள்ள வேண்டாம் என்று அதே தொல்காப்பியர் விட்டுவிடுகிறார். பிழை பிடிக்கிறவர்கள் அதுவரை படிப்பதில்லை. அந்த ஆறில் ஸ்பாட் என்ற பெண், மகன் புஷ் வீட்டுக்குப் போய், 2001இல் அவர் ஜனாதிபதியானதும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. திருவிதாங்கூர்க்காரன் கண்ணுக்கு இதன் உட்பொருள் தப்பாது. மாளிகை மனிதர்களிடம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிற்று, அது மக்கத்தாயம். நாய்களிடம் தாயிடமிருந்து மகளுக்குப் போயிற்று, அது தாய்வழித் தாவழி. ஒரே கூரையில் இரு தாயமுறை! மருமக்கள்வழியைக் கிண்டல் செய்து மான்மியம் பாடியவரும் காந்தளூர்ச் சாலையை ஆராய்ந்தவரும் ஒரே கவிமணி என்பதை இங்கே நினைக்க, இந்தக் கட்டுரை வலியசாலையில் எழுந்தது தற்செயல் அன்று என்பது துணிபு. (மாமா, கண்டனத்துக்குக் கண்டனம், மாமியிடம் தூது போன பேரன் பாதியை வழியில் மறந்த பிரதி, ஓரத்தில் அப்பள மாவு ஒட்டியிருப்பதால் மழைக்காலத்துக்கு முற்பட்டது எனலாம், மழைக்காலத்திலும் அப்பளம் இடுவோர் உளர் என்னும் மாமியின் மறுப்பு இன்னும் அச்சேறவில்லை.)

1992 தேர்தலில் எதிர்த்து நின்ற இருவரைக் காட்டிலும் மில்லிக்கு வெளிநாட்டு விவகாரம் கூடுதலாகத் தெரியும் என்று புஷ் மேடையில் சொன்னார். தோற்றார்.

வேலை பார்த்தவர் எழுதியவற்றுள் தலையாயது டிராஃபஸ் பிரையன்ட் 1975இல் வெளியிட்டது. அவர் வெள்ளை மாளிகையின் எலக்ட்ரீஷியன், நாய்களையும் பார்த்துக்கொண்டவர். ஜனாதிபதி ஜான்சன் தம் பீகிள் நாயைக் காதைப் பிடித்துத் தூக்கி 1964இல் ஊர் வாயில் விழுந்தாரே, அந்த வீட்டு நாய்கள் இவர் பொறுப்பில் வளர்ந்தவை. ஒயர் மாற்றப் போன மனிதருக்குத் தெரிந்தது வரலாற்றுத் துறைக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் இத்துறை வறண்டது. பதினான்கு பிள்ளைகள் பெற்ற வி. வி. கிரி, ஜனாதிபதியாகும் முன் இதே திருவனந்தபுரத்தில் ஐந்து வருஷம் ஆளுநராக இருந்தார். அந்த வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி மட்டும் ஒரு நூல் கொள்ளும். வேடிக்கை என்னவென்றால் மனைவியோ மக்களோ இல்லாத அப்துல் கலாமைப் பற்றித்தான் கடையெல்லாம் நூல்கள். செயலராக இருந்த பி. எம். நாயர் 2008இல் எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. 2006இல் ராமேஸ்வரத்துச் சொந்தக்காரர்கள் ஐம்பதுக்கு மேல் ராஷ்டிரபதி பவனில் தங்கிப் போனபோது, மூன்றரை லட்சத்தையொட்டி வந்த செலவைக் கலாம் தம் கையிலிருந்து கட்டினார். தோட்டத்து மயில் வாயைத் திறக்க முடியாமல் தவித்ததைக் கண்டு மருத்துவரை வரவழைத்துக் கட்டியை அகற்றச் செய்ததும் அவரே. தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வேலை பார்த்த நாளில் இந்த ஊரில் லாட்ஜில் குடியிருந்து, சின்ன ஓட்டலில் சாப்பிட்டவர். ஜனாதிபதியாகி வந்தபோது அந்த ஓட்டல்காரரையும், தமக்குச் செருப்புத் தைத்தவரையும் ராஜ்பவனுக்கு விருந்தாளிகளாக அழைத்தார். குடும்பம் இல்லாதவருக்குக் குடும்பம் எது என்னும் அதிகாரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஆகவே, ராஷ்டிரபதி பவனில் விளக்குப் போட்டவர், மயிலுக்குத் தீனி வைத்தவர், பந்தி பரிமாறியவர் யாராயினும் உடனே எழுதத் தொடங்குங்கள். எழுத வராவிட்டால் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள வலியசாலையில் ஆள் உண்டு. அட்டையில் உங்கள் பெயரே முன்னால் வரும்.