ஐயாயிரத்துக்குக் கீழே

"நாயோட மதிப்பு எவ்வளவுன்னு போடட்டுங்க?"

கேட்டவர் காக்கி உடுப்பில் இருந்தார். எந்த நிலையம், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். காணாமல் போன நாய்க்காக மனுவும் கையுமாகக் கருமத்தம்பட்டியைச் சுற்றி நாலு திசையிலும் அலைந்தவன் நான். ஏறி இறங்கிய மேசைகளில் எல்லாம் ஏறக்குறைய இதே கேள்விதான் காத்திருந்தது.

சிட்டுவுக்கு ஏழு வயது. தாய் சடைநாய், தகப்பன் யாரென்று தெருவுக்குத்தான் தெரியும். முழங்கால் உயரம்கூட வராது. வெள்ளை உடம்பு, இடது காது மட்டும் டீத்தூள் நிறம். எங்கள் தறிக்குடோன் வாசலில், அத்தனை தறியும் ஓடும் சத்தத்துக்கு நடுவே கால் நீட்டித் தூங்கும். தறி நின்றால்தான் எழுந்து, ஏன் நின்றது என்று கேட்பதுபோல ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கும். இதற்கெல்லாம் சந்தையில் என்ன விலை போகும்?

"விலைக்கு வாங்குனதில்லைங்க" என்றேன்.

"அப்ப சைபருங்களா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. சட்டத்தைக் கேட்டார், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நாட்டை ஆளும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவைப் படித்தால் புரியும். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவை செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையோ, அப்படிப்பட்ட திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேல் பாசம் வைத்திருந்தால் எஃப்.ஐ.ஆர்.; கீழே என்றால் சி.எஸ்.ஆர். ரசீது, அதுவும் எழுதுகிறவருக்கு மனம் இருந்தால். பக்கத்துத் தெருவில் ஒருவர் பில்லோடு வாங்கிக் கட்டிவைத்திருக்கும் ராட்வீலர் காணாமல் போயிருந்தால் கதை வேறு. அந்த நாயைக் கண்டு அதன் முதலாளியே பயப்படுகிறார். ஆனால் அதற்கு மதிப்பு உண்டு.

இன்னும் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய பழைய தண்டனைச் சட்டத்தில், பிராணியைக் கொன்றால்கூட விலைக் கணக்கு இருந்தது. யானை, ஒட்டகம், குதிரை, எருமை, பசு என்றால் விலை எதுவானாலும் சரி. மற்ற பிராணிகள் ஐம்பது ரூபாய் பெறுமா, பத்து ரூபாய் பெறுமா என்று பிரித்து வைத்திருந்தான். நம் புதிய சட்டம் 325ஆவது பிரிவில் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டது. எந்தப் பிராணியைக் கொன்றாலும் ஐந்து ஆண்டுவரை சிறை. கைதட்டலாம். தட்டிவிட்டு யோசித்துப் பாருங்கள்: சிட்டு செத்துக் கிடந்தால் சட்டம் அதற்கு விலை கேட்காது. எவன் வீட்டுத் திண்ணையிலாவது உயிரோடு கட்டுண்டு கிடந்தால் கேட்கும்.

சித்திரவதைக்கு இன்னும் மலிவு. 1960ஆம் வருடத்துப் பிராணிவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது. அவிநாசி ரோட்டு பேக்கரியில் ரெண்டு டீயும் ஒரு தேங்காய் பன்னும் வாங்கிவிட்டு ஐம்பது ரூபாயை நீட்டிப் பாருங்கள், கல்லாவில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தக் காசுக்கு ஒரு நாயை அடித்து உதைக்கலாம். இதைத் திருத்துவதற்கு 2022இல் ஒரு வரைவு வெளியிட்டார்கள். வரைவு நல்ல வரைவுதான். வரைவாகவே இருக்கிறது.

சிட்டு ஓடிய ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவர் வந்தார். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம்; கொடியின் நிறம் மாறும், திரியின் நிறம் எப்போதும் ஒன்றுதான். கோவை பீளமேட்டில் விமானம் இறங்கிக் கிழக்கே போகும் எந்தப் பெரிய மனிதரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறவரை நிறுத்திச் சால்வை போடுவதற்கென்றே சோமனூர் பிரிவில் ஒரு கூட்டம் காத்திருக்கும். தீபாவளிக்கு நம் அரசு காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று அளந்து கொடுத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவே கூடாது என்று 1999இலிருந்து விதி இருக்கிறது. இந்த அளவெல்லாம் பிள்ளைகுட்டியோடு மத்தாப்புக் கொளுத்துகிற சனங்களுக்கு. தலைவருக்கு அளவு கிடையாது. தீபாவளி நரகாசுரன் செத்ததற்கு. இது இருப்பவர் வந்ததற்கு.

மனிதக் காதுக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு உலகம் முடிந்துவிடும். நாய்க்கு நாற்பத்தைந்தாயிரம்வரை கேட்கும். நமக்கு வெடியாகக் கேட்டது அதற்கு என்னவாகக் கேட்டதோ. பத்தாயிரம் வாலா சரம் பாதி வெடிப்பதற்குள், ஏழு வருடம் தறிச் சத்தத்தில் தூங்கிய நாய் கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து போனது. வேலியில் கொஞ்சம் வெள்ளை முடி ஒட்டியிருந்தது. தலைவர் சால்வையை வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் காருக்குள்ளிருந்தே கும்பிட்டாராம். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையாம்.

இந்த நாட்டுப் போலீசுக்குப் பிராணி தேடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014இல் உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் அமைச்சர் ஆசம் கானின் ஏழு எருமைகள் காணாமல் போயின. மோப்ப நாய்களோடு இறங்கித் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், கவனக்குறைவு என்று போலீஸ்காரர் மூவரை ஆயுதப்படைக்கும் அனுப்பினார்கள். எருமையைத் தேட நாய் வந்தது. நாயைத் தேட எருமைகூட வரவில்லை. 2022இல் டெல்லி தியாகராஜ் மைதானத்தில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு உலாவுவதற்காக, பயிற்சியில் இருந்த விளையாட்டு வீரர்களைச் சாயங்காலம் ஏழு மணிக்கே வெளியேற்றினார்கள் என்று செய்தி வந்து, அவரை லடாக்குக்கு மாற்றினார்கள். ஆகவே நாய்க்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை என்பதும் பொய். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்த்துக் கொடுப்பார்கள்.

மறுநாள் அச்சகத்தில் நூறு தாள் அடித்துக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினேன். ஒரு ஜான் தாள். சிட்டுவின் படம், என் போன் நம்பர், "காணவில்லை" என்ற ஒரு சொல். சாயங்காலத்துக்குள் ஒருவர் வந்து கிழித்துக்கொண்டே போனார். கேட்டால், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறதாம். இருக்கிறது, 1959இலிருந்தே இருக்கிறது. அவர் சட்டம் பேசிய இடத்தில் அவர் தலைக்கு மேலே நாற்பதடி ஃப்ளெக்ஸ் ஒன்று நின்றது. அதில் இருபத்தேழு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதே அவிநாசி ரோட்டில், கோவைக்குள், 2017 நவம்பரில் நூற்றாண்டு விழாவுக்கென்று நட்ட அலங்கார வளைவு ஓர் இளைஞரின் உயிரைக் குடித்தது ஊருக்கே தெரியும். வளைவுகள் அதற்குப் பிறகும் முளைக்கத்தான் செய்கின்றன. ஒரு ஜான் தாள்தான் ஊரின் அழகைக் கெடுக்கிறது.

நாய் பிடிக்கும் வண்டி ஏற்றிப் போயிருக்குமோ என்று ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தேன். "தெக்கலூர்ப் பக்கம் ஓடியிருந்தா அது திருப்பூர் மாவட்டமுங்க" என்றார்கள். 2009இல் மாவட்டத்தைப் பிரித்தபோது சிட்டு பிறந்திருக்கவில்லை, அதனால் எல்லை தெரியாமல் ஓடியிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. அப்படியானால் எங்கே பிடித்தோம் என்று எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்க வேண்டுமே, காட்டுங்கள் என்றேன். "நோட்டு ஆடிட்டுக்குப் போயிருக்குதுங்க."

நாயைப் பற்றி நாடே பேசாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். பதினோராவது நாள் மூன்று நீதிபதிகள், ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் ஆளைப் பாய்வதையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். நவம்பர் 7 அன்று, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையத்தில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடவே கூடாது என்று இன்னோர் உத்தரவு. டிவியில் ராத்திரிதோறும் இரண்டு கட்சியாக உட்கார்ந்து குரைத்தார்கள். வெள்ளக்கோவில், காங்கயம் பக்கம் தெருநாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் பொய்யில்லை. அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது. கத்திக் கத்தித்தான் இழப்பீடு என்ற சொல்லையே அரசின் வாயிலிருந்து வரவழைத்தார்கள். கடித்தால் நாய்க்கு ஒரு கோப்பு திறக்கிறது. ஏழு வருடம் யாரையும் கடிக்காத நாய்க்கு எந்தக் கோப்பைத் திறப்பார்கள்?

ஆறுதல் சொன்னவர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. "நாய்தானுங்க போச்சு, ஆளா போச்சு?" என்று துக்கம் விசாரித்தார்கள். "வேற ஒண்ணு புடிச்சுக்கலாமுங்க" என்றார் ஒறம்பரை ஒருவர், சட்டையில் பட்டன் தெறித்ததுபோல. அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்தபோது மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அதை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸப் குழுவில் சிட்டுவின் படத்துக்கு முப்பது பேர் கைகூப்பினார்கள். செத்தவர்களுக்குக் கூப்புகிற அதே கை. ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது: நாய் எங்ககிட்டத்தான் இருக்குது, வண்டி வாடகை ரெண்டாயிரம் ஜிபே பண்ணுங்க, கொண்டாந்து விட்டுடறோம். பண்ணினேன். அதோடு அந்த நம்பர் அணைந்தது. புகார் கொடுக்கப் போனால், "ரெண்டாயிரந்தானுங்களா?" என்று கேட்டார்கள். ஐயாயிரத்துக்குக் கீழே எது நடந்தாலும் இந்த நாட்டில் அது நடக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் அம்மா மட்டும் யாரிடமும் பேசவில்லை. அவளுக்குக் குலதெய்வம் அண்ணமார்சாமி. ஆனாலும் தொலைந்த பொருளுக்கு அந்தோணியார் என்று யாரோ சொல்ல, ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். மனு வாங்கியவர்களில் அந்தோணியார் ஒருவர்தான் மதிப்பு எவ்வளவு என்று கேட்கவில்லை.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது. மாடு கவரும் சண்டையில் செத்த வீரனுக்கு வைத்த கல். அவனுக்குப் பின்னால் அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்த நாய் என்று எழுதி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். எழுத்து அறிந்தவர் குறைவாக இருந்த காலத்தில், உளி எடுத்து, கருங்கல்லில், ஒரு நாயின் பெயரை. நான் கொண்டுபோன மனுவில் பந்துமுனைப் பேனாவால் "சிட்டு" என்று எழுத இடமில்லை என்றார்கள். "பேரெல்லாம் எதுக்குங்க, நாய் ஒண்ணுன்னு போட்டாப் போதும்."

பன்னிரண்டாம் நாள் அம்மா தானும் நிலையத்துக்கு வருகிறேன் என்று கிளம்பினாள். கூலிக்கு நெசவு செய்கிற குடும்பம். ஒப்புக்கொண்ட கூலியைக் கொடு என்று 2022இலும் 2025இலும் தறியை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்த ஊர். கணக்குச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மதிப்புத்தானே கேட்டீங்க தம்பி, எழுதிக்குங்க. நாளைக்குக் கால் லிட்டர் பாலு. பத்து ரூவான்னே வெச்சுக்கோங்க. ஏழு வருசத்துக்கு இருபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி அம்பது. வளத்த கூலி நான் கேக்கல."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். "அம்மா, இதுக்கெல்லாம் பில் இருந்தாத்தானுங்க எழுத முடியும். பாலுக்குப் பில் வெச்சிருக்கீங்களா?"

அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு நிழலில் செவலை ஒன்றும் கருப்பு ஒன்றும் படுத்திருந்தன. பக்கத்தில் நக்கித் துடைத்த எவர்சில்வர் தட்டு.

"அதுகளுக்குச் சோறு போடறது யாருங்க தம்பி?"

"நாந்தானுங்கம்மா. நைட் டூட்டிக்குத் துணைக்குக் கெடக்கும்."

"நீங்க பில் வெச்சிருக்கீங்களா?"