பழனிக்குப் போன மூணு நாள்

வாய்யா பேராண்டி. லீவுக்கு வந்தவன் திண்ணையிலயும் மடியில கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு இருக்கியே. அது என்னலே, கட்டம் கட்டமா? ஆஸ்பத்திரிச் சீட்டா? எல்லாருடைய நோயையும் ஒண்ணாச் சேத்து வச்சா எந்த டாக்டரும் பாக்கலாம், ஆராய்ச்சிக்காரவுகளுக்கும் குடுக்கலாம்ங்கியா? நல்ல காரியந்தான். உங்க ஆச்சி மஞ்சப்பை நெறைய ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சது எனக்கு மறக்கல. ஒரு ஊருல எடுத்ததை அடுத்த ஊருல மதிக்கவே இல்ல. அதனால நான் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். சீட்டுல பேரு இருக்குமே?

எடுத்துட்டீகளா! பேரு, ஆதாரு, போன் நம்பரு அம்புட்டும் எடுத்தாச்சு, இனி அந்தச் சாமியே வந்தாலும் ஆளு யாருன்னு சொல்ல முடியாதா? சரி, சாமியை விடு. ஏதாவது ஒரு வரியை வாசி. நான் வெத்தலையை மடிச்சு முடிக்கதுக்குள்ள சொல்லுதேனா இல்லையா பாரு.

ஆம்பிளை. வயசு 71. பின்கோடு நம்மது. தொழில் தவில். இடது காது கேக்காது. 2019ல ஆறு மாசம் காசநோய் மாத்திரை.

அட கோட்டிக்காரா, சுண்ணாம்பு தடவக்கூட நேரம் குடுக்கலையே நீ! இந்தப் பின்கோடுல எட்டு ஊரு இருக்கு. எட்டு ஊருக்கும் தவிலு ஒண்ணுதாம்லே. அந்த வருசம் மனுசன் ‘மலேசியாவுல கச்சேரி’ன்னு சொல்லிட்டு எந்தக் கொடைக்கும் வரல. நானும் நம்பிட்டேன். இருமலை மறைக்கக் கடல் தாண்டிப் போனவரை ஒத்த வரியில கூட்டிட்டு வந்துட்டியே. அவரு பேத்திக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பாக்காக. மாத்திரை தின்னு முழுசாக் கொணமானவருன்னு உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். பொண்ணு பாக்க வாரவனுக்கு முத வார்த்தை மட்டுந்தான் காதுல விழும்.

இன்னொண்ணு. இதைத் திண்ணையில வச்சு எனக்கு வாசிச்சுக் காட்டலாமா நீ? 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளயே எவனோ பூந்து முடக்கிப் போட்டான், பேனாவும் பேப்பருமாத்தான் வேலை நடந்துச்சுன்னு டிவியில பாத்தேன். அதுக்கு மெனக்கெடணும்லா. இங்ஙன ஒரு மெனக்கெடலும் வேண்டாம். பூட்டு எம்மாம் பெருசா இருந்து என்ன, சாவி உன் வாயிலல்ல தொங்குது!

போன பொங்கலுக்கு நீயே ஒரு அமெரிக்காக் கதை சொன்னியே, ஞாபகம் இருக்கா? அந்த வாய்க்குள்ள நுழையாத மாசசூசெட்ஸ் மாநிலம். அரசாங்க ஊழியருக வைத்தியக் கணக்கை ஆராய்ச்சிக்குன்னு வெளிய குடுத்தான். பேரெல்லாம் எடுத்தாச்சு, பயப்படாதீகன்னு கவர்னரு வில்லியம் வெல்ட் தைரியம் சொன்னாரு. அவரே 1996 மே மாசம் ஒரு காலேஜ் பட்டமளிப்பு விழாவுல மயங்கி விழுந்தாரு. படிச்சிக்கிட்டிருந்த புள்ள ஒருத்தி, லதான்யா ஸ்வீனி, 20 டாலர் குடுத்துக் கேம்பிரிட்ஜ் ஊரு வாக்காளர் பட்டியலை வாங்கினா. கவர்னரு பொறந்த தேதியில பொறந்தவுக ஆறு பேரு. அதுல ஆம்பிளை மூணு. அவரு பின்கோடுல ஒத்த ஆளு. அதை அந்த வைத்தியக் கணக்கோட பொருத்திட்டா, சோலி முடிஞ்சுது. அந்தப் புள்ளையைப் பாத்தா ஒரு சேலை எடுத்துக் குடுப்பேன். நம்மூரு பொம்பளைக காலங்காலமா தெருக்குழாயில பாக்குத வேலையை அவ கணக்காப் போட்டுக் காட்டிட்டா. பொறந்த தேதி, ஆணா பொண்ணா, பின்கோடு, இந்த மூணும் போதும், அமெரிக்காவுல நூத்துக்கு 87 பேரைத் தனியாப் பிரிச்சிரலாம்னாளே!

நான் கிடை போட்டுக்கிட்டு இருந்தப்ப ஒருத்தன் என் கெடாயைத் திருடி, காதுல நான் போட்ட அடையாளத்தை அறுத்துட்டுச் சந்தைக்குக் கொண்டு வந்தான். கொம்பு ஒண்ணு கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்குமே, அதை அவன் யோசிக்கல. ஒரு ஆட்டை ஒளிக்கணும்னா அதே கொம்புள்ள பத்து ஆட்டுக்குள்ள விடணும்லே. வயசு 71ன்னு ஏன் போடுத? எழுவதுக்கு மேலன்னு போடு. பின்கோடுல முத மூணு எண்ணு போதும். தேதியை அழிச்சிட்டு வருசத்தை மட்டும் வையி. அமெரிக்காச் சட்டத்துல 90 வயசைத் தொட்டவுகளை எல்லாம் ஒரே கும்பலாத்தான் போடணும்னு நீதானே சொன்ன? ஆராய்ச்சிக்காரனுக்கு நெஞ்சுச்சளிக் கணக்கு வேணுமா, தவிலுக் கணக்கு வேணுமா? ரொம்ப மழுப்பினா கணக்குக்கு உதவாதுங்கியா? அதுவும் சரிதான். எதை மழுப்ப, எதை வைக்கன்னு பாக்கத்தானே உனக்குச் சம்பளம்.

உங்க ஆச்சிக்கும் வைத்தியச் சீட்டுக்குன்னு ஆபான்னு ஒரு 14 இலக்க எண்ணு குடுத்திருக்காக. சீட்டு அந்தந்த ஆஸ்பத்திரியிலயே இருக்கும். எதுக்கு, எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், எத்தனை நாளைக்குன்னு கேட்டு, நாம சரின்னாத்தான் அடுத்தவுக பாக்கலாம். வேண்டாம்னா குடுத்த சம்மதத்தைத் திருப்பியும் வாங்கிக்கிடலாம். ஏற்பாடு என்னமோ அரமனை ஏற்பாடு. நடந்தது என்ன? பதியுத இடத்துல அந்தப் புள்ள ‘பாட்டி, ஓடிபி சொல்லுங்க’ன்னா. ஆச்சி ஆறு எண்ணையும் மீன் ஏலம் மாதிரி கத்திச் சொன்னா. வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் மனப்பாடம். 2023ல வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்துல சம்மதம்னா விவரம் தெரிஞ்சு, மனசார குடுக்கணும்னு இருக்காம்லா. தெரிஞ்சுதான் குடுத்தா பாவம், சொல்லாட்டி ஊசி போடமாட்டாகன்னு.

எல்லாத்தையும் ஒளிக்கச் சொல்லல நான். பல்லு பிடுங்கப் போனா சக்கரை இருக்குன்னும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தின்னுதேன்னும் கட்டாயம் சொல்லணும். அதை ஒளிச்சவன் ரத்தம் நிக்காமக் கெடப்பான். அதுக்காக மேவாசல் பாக்க வந்தவனுக்குக் கொல்லைவாசல் கணக்கு எதுக்குலே?

ஏன் சிரிக்க? என் வரியும் அதுல இருக்கா? ஆம்பிளை, 78, மூலம், ஆப்பரேசன், மூணு நாள்... ஏலே, மெதுவா வாசி! அந்த மூணு நாளும் நான் பழனிக்குல்லா போயிருந்தேன்! ஆஸ்பத்திரி வாசல் சலூன்ல மொட்டையைப் போட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில பஞ்சாமிர்தம் வாங்கி, உங்க ஆச்சி அதைக் கண்ணுல ஒத்தித் தெருவுக்கே பங்கு வச்சா. எட்டு வருசமாக் காப்பாத்திட்டு வாரேன். அந்த ‘காரணம்’ங்கிற கட்டத்துல பழனின்னு எழுத இடமிருக்கா பாரு.

என்னலே, அடுக்களையில பாத்திரச் சத்தத்தையே காணோம்?