ஏழடி அகலத்தில் ஒரு வாழ்க்கை

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகின் அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபதடி வரை போகும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏழடி அகலத்துக்குக் கட்டினார். செலவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அந்தக் கணக்குதான் இன்றுவரை படகின் அளவைத் தீர்மானிக்கிறது. படகிலேயே பிறந்து படகிலேயே மூப்படைந்த குடும்பங்களின் வாழ்க்கையையும் அதுவே அளந்து கொடுத்தது.

எண்பதுகளின் கடைசியில், வேலைக்காக இங்கிலாந்து வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவரோடு படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் யூனியன் கால்வாயில் ஸ்டோக் புரூயர்னிலிருந்து பிரான்ஸ்டன் வரை போனேன். அப்போது அந்தக் கால்வாய் உறங்கிக்கிடந்தது. வெகுநேரம் எதிரே ஒரு படகும் வராது. லாக்குக் கதவை முதுகு கொடுத்துத் தள்ளித் திறக்க நாங்கள் இருவர்தான். ஸ்டோக் புரூயர்னைத் தாண்டியதும் பிளிஸ்வர்த் சுரங்கம் வரும். 1805இல் திறந்தது, நீளம் 2.8 கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது. அதனால் குதிரையை மலைமேல் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, படகில் இருவர் பலகைமேல் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே அவ்வளவு தூரமும் நகர்த்தினார்களாம். எங்கள் படகில் டீசல் இயந்திரம் இருந்தது. மேலிருந்து குளிர்ந்த நீர் சொட்டச் சொட்ட அந்த இருட்டைக் கடந்தபோது, அந்தக் கால்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோக் புரூயர்னில் பழைய தானிய ஆலை ஒன்று 1963 முதல் கால்வாய் அருங்காட்சியகமாக இருக்கிறது. படகுக் குடும்பங்கள் குடியிருந்த அறையை அங்கே பார்க்கலாம். சுமார் பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். நிலக்கரி அடுப்பு, மடித்தால் அலமாரிக் கதவு, விரித்தால் மேசை. இன்னொரு அலமாரிக் கதவை இரவில் இறக்கினால் கட்டில். கதவெல்லாம் ரோஜாப்பூவும் கோட்டையும் தீட்டிய வண்ணப் படங்கள். அப்பா, அம்மா, நான்கைந்து பிள்ளைகள் எல்லாரும் இதற்குள். மீதி ஐம்பது அடிக்குமேல் நிலக்கரிக்கு. சரக்குக்கு இடம் கொடுத்துவிட்டு மனிதர் ஒடுங்கிக்கொண்டார்கள். நாங்களோ அந்தச் சரக்கு இடத்தில் சமையலறையும் குளியலறையும் வைத்துக்கொண்டு, இருவராக, விடுமுறையில் போய்க்கொண்டிருந்தோம்.

கரையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தான் படகு அறையில் பிறந்தவர் என்றார். ஓரிடத்தில் தங்கினால்தானே பள்ளிக்கூடம், அதனால் எழுத்து கற்றுக்கொண்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான் என்றார். சொன்ன குரலில் குறையே இல்லை, எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. இப்படிப்பட்ட படகுப் பிள்ளைகளுக்காக முன்பே கோல்வில் ஊர்க்காரர் ஜார்ஜ் ஸ்மித் போராடி, 1877இலும் 1884இலும் சட்டங்கள் வந்தன. ஒரு படகில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள், பிள்ளைகள் படிக்கவும் வழி சொன்னார்கள். சட்டம் வந்தும் பிள்ளைகள் வகுப்பில் தங்கவில்லை, சரக்கு தங்கவிடவில்லை. ஸ்டோக் புரூயர்னிலேயே மேரி வார்ட் என்ற செவிலியர் தன் வீட்டில் இவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவரைப் போன்றவர்கள்தான் இவர்களை மனிதராக நடத்தினார்கள்.

பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. சரக்கு சாலைக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. ஆதர்ஸ்டன் நிலக்கரியைச் சவுத்தாலில் இருந்த ஜாம் ஆலைக்கு ஏற்றிப்போன நடை மட்டும் இந்த வழியாகவே 1970 வரை நடந்தது.

இந்த ஏப்ரல் கடைசியில் மனைவி, மகளோடு அதே வழியில் மறுபடி போனேன். வசந்தம் மாறவில்லை. ஹாதார்ன் வேலிகள் வெள்ளைப் பூ பூக்கத் தொடங்கியிருந்தன, தோப்புக்குள் புளூபெல் பூக்கள் நீலம் பரப்பியிருந்தன, வயல்களில் ரேப் பயிரின் மஞ்சள். வாத்துக் குஞ்சுகள் கரையோரம் வரிசையாக நீந்தின. மணிக்கு நான்கு மைல்தான் அதிகபட்ச வேகம். அந்த வேகத்தில் கரையில் எந்தப் பூவும் தப்பாது.

கால்வாய்தான் உயிர் பெற்றிருந்தது. லாக்குகளில் தன்னார்வலர்கள் நின்று கதவு திறக்க உதவினார்கள். 1946இல் எல்.டி.சி. ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மனும் தோழர்களும் நீர்வழிச் சங்கம் தொடங்கியபோது பல கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்தன. சேற்றில் இறங்கி அவற்றில் பலவற்றை மீட்டெடுத்தவர்கள் வார விடுமுறையைக் கொடுத்த சாதாரண மக்கள். இதைவிட நல்ல காரியத்தை இங்கிலாந்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்துக் கண்டவை குடியிருப்புப் படகுகள். வரிசை வரிசையாகக் கரையில் கட்டப்பட்டிருந்தன. கூரையில் சூரியத் தகடு, விறகு, சைக்கிள், குழந்தை வண்டி. வீட்டு வாடகை கட்டி மாளாதவர்கள் பலர் படகுக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் ஓர் இளம் தாய் பேசினார். நிரந்தரத் துறை இல்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்குமேல் நிற்கக்கூடாது, 1995ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மகனின் பள்ளி மட்டும் ஓரிடத்தில் நிற்கிறது, படகு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

படகு கிளம்பியதும் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க சொன்ன அந்தப் பாட்டி காலத்துல சரக்கு நகரச் சொல்லிச்சு. இப்போ சட்டமே நகரச் சொல்லுது. பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். ஒரு காலத்தில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று சட்டம் போட்ட நாடு, இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வீட்டை நகரச் சொல்கிறது. துறை எல்லாருக்கும் கிடைக்கவேண்டும், படகுகள் நகரத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பள்ளி நாட்களிலாவது குழந்தை உள்ள குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். அது பெரிய சலுகையல்ல.

2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2000 மைல் நீர்வழியைப் பராமரிக்கிறது. அதற்கான அரசு மானியம் 2027 முதல் ஆண்டுதோறும் குறையும் என்று அறிவித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்கள் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஒருமுறை கால்வாய்க்குப் போய் வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் லாக்குத் தன்னார்வலராகச் சேருங்கள். ஆள் தேவைப்படுகிறது.